களை இல்லாத ஒன்பதாம் பச்சை

போன மாதம் பென்சன் தோட்டத்தில் வேலை செய்கிற பொடியன்கள் இரண்டு பேர் அமிர்தகழியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். பிளேன்டீ குடித்தார்கள், வெயிலைத் திட்டினார்கள், கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தார்கள்.

"அண்ணன், எங்கட பச்சையில இப்ப ஒரு களை இல்ல. நீங்க இருந்த காலத்திலயும் ஒம்பதாம் பச்சையில மருந்துக்கும் ஒரு களை இல்லையாமே. கந்தோர்ச் சுவரில படமும் மாட்டிக் கிடக்கு. என்ன அடிச்சீங்க?"

ஒன்றும் அடிக்கவில்லை என்றேன். நம்பவில்லை. "சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்க" என்று ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொல்ல விருப்பம்தான். ஆனால் ஒரு கோப்பை தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற சங்கதி அல்ல அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் படிப்பு எனக்குக் கொஞ்சம்தான். எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்துப் பழகியவன். ஆனால் மனிதர்கள் சொன்ன வார்த்தை எனக்கு மறப்பதில்லை. இன்னார் இந்த இடத்தில் நின்று இதைச் சொன்னார் என்று குரல் மாறாமல் சொல்லிவிடுவேன். இதில் நான் எழுதப்போவதும் பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னதுதான்.

பென்சன் தோட்டம் என்பது நாங்கள் வைத்த பெயர். கம்பனி வைத்த பெயர் வேறு, அது நீளம். யுத்தம் முடிந்து சில காலத்துக்குப் பிறகு, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டில், வெளிநாட்டில் உழைத்து வயதானவர்கள் திரும்பி வந்து இருப்பதற்கென்று ஓடு போட்ட சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டினார்கள். நடுவில் ஒன்பது குழி உள்ள கோல்ஃப் மைதானம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் தரையை நாங்கள் 'பச்சை' என்போம். பாய் விரித்த மாதிரி இருக்க வேண்டும். பந்தை மெல்லத் தட்டினால் எங்கேயும் தடுக்காமல் ஓட வேண்டும். ஒரு களை இருந்தால் போதும், பந்து திசை மாறிவிடும், கிழவர்களுக்குக் கோபம் வந்துவிடும்.

அங்கே வீடு வாங்கியவர்கள் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் மாதாமாதம் மைதானத்துக்கென்று ஒரு தொகை கட்ட வேண்டும். அதைப் 'புல்லுக் காசு' என்போம். காலோ கையோ விளங்காமல் வீட்டுக்குள் கிடந்தவர்களும் கட்டினார்கள். "புல்லத் தின்னுற மாட்டுக்குக் கூட இவ்வளவு செலவில்ல" என்று ஒரு ஐயா கம்பனியின் அலுவலகமான கந்தோர் வாசலில் நின்று சத்தம் போட்டது இன்னும் காதில் கிடக்கிறது.

அதற்கு முன் நான் வயல் வட்டையில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓட்டியவன். கம்பனிக்காரர்கள் என்னை நுவரெலியாப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் பழக அனுப்பினார்கள். குளிரில் பல் கிடுகிடுத்ததும், புல் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தாள் துண்டு வைத்துச் சரிபார்க்கப் பழகியதும்தான் அந்தக் காலத்தின் மிச்சம். அங்கிருந்துதான் எங்கள் மேலதிகாரியும் வந்தார். இராமையா சேர். மலையகத்துத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டப் போய், படிப்படியாக மேலே வந்தவர்.

அவரைப் போல ஒரு மனிதரோடு வேலை செய்தது என் அதிர்ஷ்டம். காலையில் முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றிப் பச்சையின் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி வைப்பார். வெறுங்காலோடு ஏறி நடுவில் போய் முழங்காலில் நிற்பார். குனியமாட்டார். "குனிஞ்சா மேலதான் தெரியும், முட்டி போட்டாத்தான் உள்ள தெரியும்" என்பார். ஒரு இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கி, விரல் தடிப்பில் மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார். வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்குக் காட்டுவார். பிறகு அந்த ஓட்டையை மணல் போட்டு மூடி, உள்ளங்கையால் தடவிவிட்டுத்தான் எழும்புவார். வயதில் சின்னவனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். எது எப்படி இருந்தாலும் "பரவாயில்ல" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு.

அவர் போட்ட சட்டங்களில் ஒன்றை நாங்கள் யாரும் மீறியதில்லை. மைதானத்துக் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. உரமும் மருந்தும் சில நாள் அதே தொட்டியில் கலப்பதால், அவர் பழகிய இடத்தில் யாரோ குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாராம். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்து பிளாஸ்டிக் கானில் வரும். வீடுகளுக்குத் தண்ணீர் மைதானத்துக்கு இறைக்கிற அதே கிணறுகளிலிருந்துதான், ஆனால் வேறு குழாயில், வடிகட்டி வழியாகப் போகும். மைதானத்துக் குழாயைத் தொடுகிற நாங்கள் அதைக் குடித்ததில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

களை பிடுங்கப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களில் பாக்கியம் என்பவளுக்கு வாய் ஓயாது. புருசன் வாவியில் இறால் பிடிக்கிறவன். பச்சையில் அதிகம் முளைப்பது வல்லாரை. பிடுங்கியதை வீசாமல் மடியில் கட்டிக்கொண்டு போய்ச் சம்பல் போடுவார்கள். "வெள்ளைக்காரன் விளையாட்டு எங்களுக்குச் சோத்துக்குக் கறி" என்பாள் பாக்கியம். "விளையாடுறது நம்மட பறங்கி ஐயாமார்தானே" என்றால், "அவங்களும் அரைவாசி வெள்ளைதானே அண்ணன், அந்த அரைவாசிக்கு அரைச் சம்பல்" என்பாள்.

அவள் சொன்னது ஒன்பதாம் பச்சைக்கு எதிர்வீட்டு எட்வின் ஐயாவைத்தான். மட்டக்களப்பு டவுனில் பிறந்த பறங்கியர். பல காலம் மெல்போனில் தச்சுவேலை செய்து, மனைவி டொரத்தி அம்மாவோடு திரும்பி வந்தவர். எங்களோடு பேசினால் எங்கள் தமிழ்தான் பேசுவார். இருதயம் பலவீனம். உப்புச் சேர்க்கவே கூடாது, தினமும் மெல்ல நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு நடை என்றால் ஒரு மட்டையும் பந்தும்தான். "புல்லுக் காசு கட்டினவன் புல்லிலதான் டா நடக்க வேணும், கணேசன். வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு ஓட்டுக் காசா கட்டினன்?" என்பார்.

இரண்டு வருடம் மாரி பொய்த்தது. மைதானம் காய்ந்துவிடக் கூடாது என்று கம்பனியின் முகாமையாளர் கிணற்று மோட்டர்களை விடாமல் ஓட்டச் சொன்னார். ஓட்டினோம். அந்த இரண்டாவது வருடம்தான் அதிசயம் நடந்தது. பச்சையில் வல்லாரை குறையத் தொடங்கியது. பிறகு கோரை. ஒரு நாள் பெண்கள் ஒன்பது பச்சையையும் சுற்றி வந்து வெறுங்கூடையோடு நின்றார்கள். புல் மட்டும் பளபளவென்று நின்றது. இராமையா சேர் முழங்காலில் நின்று நெடுநேரம் பார்த்தார். எழும்பி, "நல்லா இருக்கு" என்றார். அவர் வாயால் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். முகாமையாளர் கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார். அதுதான் சுவரில் தொங்குகிற படம்.

களை இல்லாத இடத்தில் களை பிடுங்க ஆள் எதற்கு? அடுத்த மாதம் பெண்களை நிறுத்தினார்கள். டொரத்தி அம்மா பாக்கியத்தை மட்டும் தன் வீட்டுச் சமையலுக்கு எடுத்தார். "எனக்கு விருப்பம்தான்," என்று பாக்கியம் என்னிடம் சொன்னாள், "ஆனா உப்பில்லாமச் சமைக்கிறதெண்டா, வாய் கட்டிக் கூத்தாடுற மாதிரி."

ஆனால் எட்வின் ஐயா அவள் சமையலில் மயங்கிவிட்டார். பச்சைக்கு வந்தால் சொதியின் பெருமைதான். "ஒரு கல்லு உப்பில்ல டா, ஆனா என்ன ருசி! இவள் கையில ஏதோ இருக்கு."

கொஞ்ச நாளில் அவருடைய கால் வீங்கத் தொடங்கியது. சப்பாத்துக் கயிறு கட்ட முடியவில்லை. பிறகு மூச்சு. ஒன்பதாம் குழிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். பார்க்க வருகிற தாதி, இரகசியமாக உப்புப் போகிறது, வேறு காரணம் இல்லை என்று சொல்லிவிட்டாள். போடுவது யார்? சமைக்கிறவள்தானே.

அந்த விசாரணை எட்வின் ஐயாவின் வீட்டு முன்மண்டபத்தில் நடந்தது. முகாமையாளர், தாதி, டொரத்தி அம்மா, கதிரையில் காலை உயர்த்தி வைத்தபடி எட்வின் ஐயா. பாக்கியம் சமையல் குசினிக் கதவோடு நின்றாள். தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இராமையா சேரைக் கூப்பிட்டார்கள். அவரோடு நானும் போனேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. ஐயாவுக்கு ருசியா இருக்கட்டும் எண்டு ஒரு சிட்டிகை போட்டிருப்பாய். பிழையில்ல. சொல்லிப்போடு" என்றார் முகாமையாளர்.

"அம்மாட தலையில கை வைச்சுச் சொல்லுறன், ஒரு கல்லுப் போடல்ல. தண்ணிதான் கரிக்குது, சேர். சோத்தை வடிச்சா கஞ்சி கரிக்குது."

முகாமையாளர் எழும்பிப் போய்க் குழாயில் அரைக் கோப்பை பிடித்து ஒரு மிடறு குடித்தார். "கொஞ்சம் சவர், லேசான கரிப்பு. கடற்கரைக் கிணறு வேற எப்பிடி இருக்கும்? என்ர ஊரிலயும் இப்பிடித்தான்."

"இது சவரில்ல சேர், உப்பு. சவர் நான் பிறந்ததிலயிருந்து குடிக்கிறன்."

தாதி சிரித்தாள். "இவவுக்குத் தண்ணிப் பரிசோதனையும் தெரியும்."

முகாமையாளர் யன்னல் திரையை விலக்கினார். எதிரே ஒன்பதாம் பச்சை. "இந்தப் புல்லுக்கும் அதே கிணத்துத் தண்ணிதான் போகுது. உப்புத் தண்ணியில இப்பிடிப் புல் நிக்குமா? இராமையா, நீங்க சொல்லுங்க."

சேர் தயங்கவில்லை. தான் அறிந்ததைச் சொன்னார். "உப்புத் தண்ணின்னா மொதல்ல பச்சைதாங்க சாகும். மூணு நாள் தாங்காது. நான் பார்த்த புல்லு எல்லாம் அப்பிடித்தான்."

அவர் பார்த்தது மலைப் புல். இது கப்பலில் வந்த வேறு புல். கடற்காற்றுக்குத் தாங்கும் என்று சொல்லித்தான் கம்பனி பதித்தது. கடலையே குடித்தாலும் தாங்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பாக்கியம் முகாமையாளரைப் பார்க்கவில்லை. தாதியையும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நீங்களும் புல்லைத்தான் பாக்கிறீங்களா அண்ணன்?" என்றாள்.

எட்வின் ஐயா கையை உயர்த்தினார். "அவளை அனுப்பாதேங்க. நான் கிழவன், ருசியாச் சாப்பிட்டுச் செத்தா உங்களுக்கென்ன?"

அந்தப் பேச்சே அவளுக்கு வினையாகிவிட்டது. ருசி என்றால் உப்பு என்று எல்லாருக்கும் உறுதியாயிற்று. பாக்கியம் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். எங்கள் பக்கம் விடைபெறுகிறவர்கள் 'மறுகா வாறன்', அதாவது பிறகு வருகிறேன், என்பார்கள். பிடிக்காத வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் இறங்குவார்கள். அவள் "போறன்" என்று மட்டும் சொன்னாள். டொரத்தி அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கள்ளி என்று பெயர் வாங்கியவளை வேறு எந்த வீடு எடுக்கும்? இறால் கூட்டில் விழுந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் இல்லை என்று அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

எட்வின் ஐயாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வீக்கம் வற்றியது. மூச்சும் சீரானது. "பாத்தீங்களா, அவள் இல்லாம எப்பிடிச் சுகம் வருது" என்றாள் தாதி. வீட்டுக்குக் கொண்டுவந்து, உணவுக் கட்டுப்பாட்டுச் சமையல் படித்த ஒரு ஆளைக் கொழும்பிலிருந்து எடுத்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் கால் வீங்கியது.

ஒரு காலை, நடக்க முடியாத அவரைக் கதிரையோடு தூக்கி வந்து ஒன்பதாம் பச்சையின் ஓரத்தில் வைத்தோம். இருந்தபடியே மட்டையால் பந்தைத் தட்டுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். இராமையா சேர் வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் முழங்காலில் இருந்தார்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்பிடி ஐயா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"சப்பு டா. நாக்கில வைக்க ஒண்ணாது. உப்பில்லாத சாப்பாடு எப்பிடி இருக்குமெண்டு அங்கதான் தெரிஞ்சுது. இஞ்ச வந்தாப் பிறகுதான் வாய்க்கு ருசி. இந்தக் கொழும்பான் சமைச்சாலும் ருசி. பாக்கியத்திர கையெண்டு நினைச்சன், கையில்ல டா. இந்த வீட்டில என்னத்தைப் போட்டாலும் ருசிதான்."

சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டினார். அது நேரே ஓடிக் குழிக்குள் விழுந்தது. நான் கை தட்டினேன். சேர் தட்டவில்லை. முழங்காலில் இருந்தபடி புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். களை ஒன்றுகூட இல்லாத புல். பிறகு எழும்பி ஓரத்துக் குழாயடிக்குப் போனார். திறந்தார். உள்ளங்கையில் பிடித்தார். குடித்தார்.

துப்பவில்லை. விழுங்கினார். "கணேசன், நீங்களும் குடிங்க" என்றார்.

குடித்தேன். பாக்கியம் சொன்னது சரி. சவர் எனக்கும் தெரியும். இது சவர் அல்ல.

எங்கள் மணலுக்குள் மழைத் தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மாதிரிக் கிடக்கிறது. அளவோடு அள்ளினால் ஏடு நிற்கும். மழையும் இல்லாமல் மோட்டரும் ஓயாமல் ஓடினால் கீழே கிடப்பது மேலே வரும். வல்லாரை முதலில் செத்தது அதனால்தான். பிறகு கோரை. உப்பைத் தாங்கும் புல் மட்டும் நின்றது. நாங்கள் படம் எடுத்துச் சுவரில் மாட்டினோம்.

சேர் மோட்டர் அறைக்கு நடந்தார். மணல் பாதை, வெயில் ஏறிவிட்டது, காலில் சப்பாத்து இல்லை. அது பச்சையின் ஓரத்தில் ஒட்டி வைத்தபடி கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தன் கையாலேயே மோட்டர்களை நிறுத்தினார்.

அன்று பின்னேரம் கந்தோரில் கூட்டம். நான் வாசலில் நின்றேன். முகாமையாளர் கெட்டிக்காரர். உடனே முடிவு எடுத்தார். வீடுகளுக்கு இனி பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் வரும். "மைதானத்துக்குப் பழைய கிணறுகளே போதும். புல்லுக்குத்தான் ஒரு பாதிப்பும் இல்லையே."

"பக்கத்துக் கிராமத்துக் கெணறு எல்லாம் நம்ம கெணத்தோட ஒரே மணல்லதாங்க இருக்கு" என்றார் சேர்.

"அதைப் பிரதேச சபை பாக்கட்டும். புல்லுக் காசு வாங்குறம், இராமையா. புல்லைக் காய விட்டா அவங்களுக்கு என்ன பதில் சொல்லுற?"

அடுத்த நாள் மோட்டர் மறுபடியும் ஓடியது.

பவுசர்த் தண்ணீர் எட்வின் ஐயாவுக்குப் பிந்திவிட்டது. சாப்பாடு சப்பாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டே கொஞ்ச காலம் இருந்தார். மழை தொடங்குவதற்கு முன் போய்விட்டார். இருதயம் ஏற்கெனவே பலவீனம், தண்ணீர்தான் கொன்றது என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. பாக்கியம் கொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். சவப்பெட்டி வீட்டைவிட்டுப் போகும்வரை மைதானத்தில் ஆட்டம் நிறுத்தியிருந்தார்கள். அது போன பிறகு தொடர்ந்தது.

எட்டுச் செலவு, முப்பத்தொன்று என்று எங்களைப் போலச் செத்தவீட்டுச் சடங்கு அவர்களுக்குக் கிடையாது. வேதக் கோயில் பூசை முடிந்த பின் டொரத்தி அம்மா என்னிடம், "பாக்கியத்திட வீடு தெரியுமா?" என்று கேட்டார். இராமையா சேரும் வருகிறேன் என்றார். மூவரும் போனோம்.

வேலியோரத்தில் மிளகாய்க் கன்றுகள் நின்ற நிலையிலேயே காய்ந்திருந்தன. பாக்கியம் எங்களைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள். டொரத்தி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ போடல்ல எண்டு தெரியும் மகள். வீட்டுக்கு வா. எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்."

"ஐயா இல்லாத வீட்டில நான் ஆருக்கம்மா உப்பில்லாமச் சமைக்கிற?" என்றாள் பாக்கியம். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

இராமையா சேர் கதிரையில் இருக்கவில்லை. "நான் புல்லத்தாம்மா பார்த்தேன்" என்றார்.

"உங்களுக்குப் புல்லுத்தானே வேலை சேர்" என்றாள் அவள். உள்ளே போனாள். தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பத் தெரியாத சாதி நாங்கள். வாயில் வைத்தோம். சீனி நிறையப் போட்டிருந்தாள். அதற்கு அடியில் அந்த உப்பு அப்படியே இருந்தது.

"குறை நினைக்காதேங்க. இப்ப எங்கட கிணறும் இப்பிடித்தான்" என்றாள்.

டொரத்தி அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சேர் வைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையை அவள் கையில் கொடுத்தார். அந்த மாதத்தோடு வேலையை விட்டு மலைக்குத் திரும்பினார். டொரத்தி அம்மா மகனிடம் போய்விட்டார். நான் இருந்தேன். எனக்கு வேறு வேலை தெரியாது, பென்சனுக்கும் கொஞ்ச காலம் கிடந்தது. மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போதும் ஓடுகிறது.

தம்பிமாரே, நீங்கள் கேட்ட மருந்து இதுதான். வந்த அன்று உங்கள் பச்சையிலும் களை இல்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். நாளைக் காலையில் குழாயைத் திறந்து ஒரு மிடறு குடித்துப் பாருங்கள்.

அன்று பாக்கியத்தின் வேலியைத் தாண்டும்போது பழக்கத்தில், "மறுகா வாறன் தங்கச்சி" என்றேன். அவள் கோப்பைகளைக் கழுவாமல் மண்ணில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாறதெண்டா வெறுங்கையோட வராதேங்க அண்ணன்" என்றாள். "ஒரு கான் தண்ணி கொண்டு வாங்க."